கண்டிக்குச் சென்ற இரு கமராக்கள்

மலைநாட்டின் தலைநகர் எனப் போற்றப்படும் கண்டி மாநகர், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், குன்றுகள் சூழ, நடுவே ஒரு வாவியை ஏந்தி விளங்குவது. 1815ஆம் ஆண்டு வரை அன்னியர்க்கு அடிபணியாதிருந்த இராச்சியத்தின் இறுதித் தலைநகரம் அதுவே. அவ்வாவியை வெட்டுவித்த ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன், நாயக்கர் வழிவந்த கடைசி மன்னன். 1988இல் உலக மரபுரிமை நகரங்களுள் ஒன்றாக யுனெஸ்கோ கண்டியைச் சேர்த்துக்கொண்டது. இத்தகைய நகரைக் காணச் செல்லும் எவர்க்கும், கண்டதைப் படமாக்கிக் கொணரவேண்டும் என்னும் ஆசை எழுவது இயல்பேயாகும்.

அந்த ஆசைக்கு வயது அதிகம். 1860களில் ஜோசப் லோற்றனும், 1870களில் சார்ள்ஸ் ஸ்கோவனும் கண்டியிலே நிலையம் அமைத்துப் படத்தொழில் புரிந்தனர். அக்காலத்தில் கண்ணாடித் தகட்டில் இரசாயனம் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே படம் பிடித்து, உடனுக்குடன் கழுவியாக வேண்டும். ஆதலின் கமராவோடு இருட்டுக் கூடாரமும் புட்டிகளும் தகடுகளும் கூலியாட்களின் தோளில் மலையேறின. எதைச் சுமப்பது, எதை விடுவது என்ற கேள்வி அன்றே பிறந்துவிட்டது. இன்று அது சட்டைப்பையில் அடங்கும் சிறு கமராவா, வில்லை மாற்றக்கூடிய ‘மிரர்லெஸ்’ கமராவா என்ற உருவில் வந்து நிற்கின்றது.

எமக்கு அக்கேள்வி வெறும் பொழுதுபோக்கன்று. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் ஒரே இரவில் ஊரைவிட்டுப் பெயர்ந்தபோது, எமது அன்னையார் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டார். படத்தொகுப்புகள் அலுமாரியிலேயே நின்றுவிட்டன. மீண்டு வந்தபோது வீடு இருந்தது, அவை இல்லை. காலஞ்சென்ற தந்தையாரின் முகத்தை எம் பிள்ளைகள் அறிவது, அடையாள அட்டையிலுள்ள முத்திரையளவுப் படம் ஒன்றினால் மட்டுமே. அன்னையாருக்கு இப்போது வயது எழுபத்து நான்கு. கமரா வாங்குவதற்கென்று சிறிது பணம் சேர்ந்த வேளையில், எதை வாங்குவது என்று ஆராய்ந்து பார்க்கவேண்டும் எனத் தோன்றியது. நண்பர் ஒருவரிடம் ஒன்றும் மைத்துனரிடம் மற்றொன்றுமாக இரண்டையும் இரவல் பெற்று, எசல பெரஹரா காலத்தில் குடும்பத்தோடு கண்டிக்குப் புறப்பட்டோம்.

இரண்டு பெட்டிகளும் ஒரு கணக்கும்

சிறியது கெனன் ஜி7எக்ஸ் மூன்றாம் பதிப்பு. நிறை 304 கிராம். பெரியது கெனன் ஆர்50. மின்கலத்தோடு 375 கிராம். அதனோடு பெட்டியில் வரும் 18-45 வில்லை 130 கிராம். நண்பர் 160 கிராம் நிறையுள்ள 50 மில்லிமீற்றர் வில்லை ஒன்றையும், 270 கிராம் நிறையுள்ள 55-210 தூரவில்லை ஒன்றையும் சேர்த்தே தந்திருந்தார். எல்லாம் கூடினால் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

ஒளியைப் பெறும் உணரியின் பரப்பு எவ்வளவு, ஒளியை உள்ளே விடும் வில்லையின் துவாரம் எவ்வளவு என்னும் இரண்டுமே கமராவின் ஆற்றலைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. ‘ஓர் அங்குல வகை’ என்று வணிகர் வழங்கும் சிறிய கமராவின் உணரி உண்மையில் 13.2க்கு 8.8 மில்லிமீற்றர், பரப்பு 116 சதுர மில்லிமீற்றர். பெரியதன் உணரி 22.3க்கு 14.9, பரப்பு 332. ஏறக்குறைய மூன்று மடங்கு. இதனைக் கண்ட அளவிலே பெரியதே சிறந்ததென்று பலர் முடிவு கட்டிவிடுகின்றனர்.

ஆனால் துவாரத்தையும் பார்க்கவேண்டும். துவாரத்தைக் குறிக்கும் எண் சிறுத்தால் துவாரம் பெரிது என்பது விதி. அகன்ற காட்சியில் சிறிய கமராவின் எண் 1.8, பெரியதோடு வரும் வில்லையின் எண் 4.5. இரண்டையும் வகுத்து வரும் ஈவைத் தன்னால் பெருக்கினால், உணரியின் ஒவ்வொரு சதுர மில்லிமீற்றரிலும் சிறிய கமராவுக்கு ஆறு மடங்குக்கு மேற்பட்ட ஒளி விழுவது தெரியும். பரப்பில் மூன்று மடங்கு இழந்து, துவாரத்தில் ஆறு மடங்கு பெறுகின்றது. எனவே மங்கிய ஒளியில், பெட்டியோடு வந்த வில்லையை மட்டும் பூட்டிய பெரிய கமரா, சிறியதற்குப் பின்னேயே நிற்கும். அதே பெரிய கமராவில் எண் 1.8 உள்ள 50 மில்லிமீற்றர் வில்லையைப் பூட்டினாலோ நிலைமை தலைகீழாகின்றது. முகத்தை நெருங்கி எடுக்கும் அளவுக்குச் சிறிய கமராவை நீட்டினால் அதன் எண் 2.8 ஆகிவிடும்; அப்போது பெரியது ஏழு மடங்கு ஒளியைச் சேர்த்துக்கொள்ளும்.

கைத்தொலைபேசி போதாதா என்று வாசகர் கேட்கலாம். பகலில் மலையையும் வாவியையும் எடுக்க அதுவே போதும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சாதாரணச் சிறு கமராக்களின் உணரிப் பரப்பு 28 சதுர மில்லிமீற்றர் அளவே. நல்ல தொலைபேசி வைத்திருப்போர் அவற்றை வாங்குவதிற் பயனில்லை. நாம் ஒப்பிட்டது ஓர் அங்குல வகையையே. அது சிறியதாயினும் விலையில் சிறியதன்று என்பதையும் சொல்லிவைக்கவேண்டும்.

பேராதனைப் பூங்காவில்

முதல் நாட்காலை பேராதனைக்குச் சென்றோம். 1821இல் தொடங்கப்பெற்ற இத்தாவரவியற் பூங்கா, மகாவலி கங்கை மூன்று புறமும் வளைந்தோட 147 ஏக்கரில் பரந்துள்ளது. அரசபனைகள் அணிவகுத்த சாலை, ஓர்கிட் இல்லம், பெரும்புற்றரையில் கிளைகளைக் கூடாரமாக விரித்து நிற்கும் யாவா அத்திமரம் ஆகிய யாவற்றையும் இரு கமராக்களிலும் எடுத்தோம். காலை வெயிலில் எடுத்த படங்களை அருகருகே வைத்து நோக்கியபோது, எது எதனுடையதென்று எம்மால் பிரித்தறிய இயலவில்லை.

வேற்றுமை மரக்கிளைகளிலே தெரிந்தது. அங்கே பழந்தின்னி வௌவால்கள் ஏராளமாகத் தலைகீழாய்த் தொங்குகின்றன. சிறிய கமராவில் அவை கரும்புள்ளிகளாயின. உயர்தர வகுப்பிற் படிக்கும் எம் மகள் தூரவில்லையைப் பூட்டியதும், இறக்கையைப் போர்வையாகச் சுற்றிக்கொண்ட முகங்கள் தெளிவாக வந்தன. பறவை, விலங்குகளில் நாட்டமுள்ளவர்க்குச் சிறிய கமரா ஈடு செய்யாது. இதில் விவாதத்துக்கே இடமில்லை.

நண்பகலில் மலைநாட்டுக்கே உரிய தூறல் தொடங்கியது. இரு கமராக்களும் மழைத்துளிக்குக் காப்பில்லாதவை. சிறியது சட்டைப்பைக்குள் மறைந்தது. வில்லையைக் கழற்றினால் உணரி வெளியே தெரியும். ஈரமும் தூசியும் படக்கூடாது. ஆதலின் மகள் மரத்தடியிற் குடைக்குக் கீழே நின்று வில்லை மாற்றிக்கொண்டிருந்தாள். தம்பிக்காரன் பாலத்தை நோக்கி ஓடிவிட்டான். அன்னையாரோ நனைந்துகொண்டே காத்திருந்தார். இதுவும் விலையின் ஒரு பகுதியே.

எம்பெக்கே மண்டபத்தில்

மறுநாள் உடுநுவரப் பகுதிக்குச் சென்றோம். அங்குள்ள மூன்று கோயில்களும் 14ஆம் நூற்றாண்டின் கம்பளை அரசுக் காலத்தவை. கடலாதெனிய விகாரையைக் கல்லிலே சமைத்த தலைமைச் சிற்பியின் பெயர் கணேஸ்வராசாரி. லங்காதிலக விகாரையில் சிங்களத்தோடு தமிழிலும் சாசனம் பொறிக்கப்பட்டுள்ளது. தமிழறிந்தோர் தம் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டிய எழுத்து அது.

எம்பெக்கே தேவாலயம் கதிர்காமக் கந்தனுக்குரியது. அதன் முரசு மண்டபத்து மரத்தூண்களில் மல்லர், நடன மாதர், இருதலைப் பறவை, பின்னிய அன்னங்கள், குழவிக்குப் பாலூட்டும் தாய் எனச் சிற்பங்கள் நிறைந்துள்ளன. கூரையின் ஒரு கோடியில் 26 கைமரங்களை ஒரே மர ஆப்பு சேர்த்துப் பிடிக்கும் விந்தையையும் காணலாம். மண்டபத்தினுள் ஒளி குறைவு. நாம் செய்த கணக்கு இங்கே மெய்ப்பட்டது. பெட்டியோடு வந்த வில்லையில் தாயும் குழவியும் மங்கிப் புள்ளி விழுந்து வந்தன. சிறிய கமராவில் அதைவிட நன்று. 50 மில்லிமீற்றர் வில்லையில் உளி சென்ற தடமும் தெரிந்தது. ஆனால் அந்த வில்லைக்கு நடுக்கந்தாங்கும் அமைப்பில்லை. தூணிற் சாய்ந்து மூச்சடக்கி எடுக்கவேண்டியதாயிற்று.

பெரஹரா இரவு

மாலையில் கட்டுக்கலைச் செல்வ விநாயகரை வணங்கிவிட்டு, வீதியோரத்தில் இடம் பிடித்து அமர்ந்தோம். சன நெரிசலில் முழங்காலை அசைக்கவும் இடமில்லை. பொழுது சாய்ந்தது, சாட்டைகள் வெடித்தன, கொப்பறாத் தீப்பந்தங்களின் புகையோடு ஊர்வலம் தொடங்கியது. முதலில் தலதா மாளிகையின் பெரஹரா. பேழை தாங்கிய கொம்பன் யானைக்குப் பின்னால் நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் ஊர்வலங்கள் முறையே வந்தன.

மகள் 50 மில்லிமீற்றர் வில்லையை மாலையிலேயே பூட்டியிருந்தாள். கூட்டத்தினுள் வில்லை மாற்றும் எண்ணத்துக்கே இடமில்லை. அவ்வில்லை அந்தக் கமராவில் 80 மில்லிமீற்றர் வில்லை போன்று குறுகிய காட்சியையே தரும். எனவே எதிர்வரிசை நடனக்காரரின் முகமும், மேளக்காரரின் விரலும் அழகாகக் கிட்டின. அருகே வந்த யானையின் உடல் பாதியும் கிட்டவில்லை.

கதிர்காம தேவாலய ஊர்வலம் நெருங்கி, மயிற்பீலிக் காவடிகள் சுழன்றாடியபோது, அன்னையார் தம்மை மறந்து எழுந்து, “முருகா!” என்று கைகூப்பினார். அக்கணத்தில் மகள் ஒரு படம் எடுத்தாள். சட்டைப்பையிலிருந்து சிறிய கமராவை எடுத்து நாமும் ஒன்று எடுத்தோம்.

அன்னையாரின் தீர்ப்பு

விடுதிக்குத் திரும்பி இரண்டையும் நோக்கினோம். மகள் எடுத்தது படம் என்ற முறையில் மிகவும் உயர்ந்தது. பந்தத்தின் செம்மை கன்னத்தில் வீழ, கண்ணீரின் மினுக்கமும் தெரிய, பின்புறம் இருளில் கரைந்திருந்தது. எமது படத்தில் நிழல்களிற் புள்ளிகள் உண்டு. ஆயின் கைகூப்பிய அன்னையாரும், அவர் சேலையைப் பற்றிய பேரனும், கமராவும் கையுமாக மகளும், அப்பால் காவடியும் யானையும் ஒருங்கே இருந்தன.

எம் மனைவி இரண்டையும் அன்னையாரிடம் காட்டினார். முதலாவதை அவர் வெகுநேரம் பார்த்தார். பின்பு இரண்டாவதைத் தொட்டு, “இதைக் கழுவித் தா, தம்பி. இதிலைதான் எல்லாரும் நிக்கினம், எங்கை நிண்டதெண்டும் தெரியுது” என்றார்.

எமது தேர்வு அத்தோடு முடிந்தது. வீட்டார் எல்லோரையும், நின்ற இடத்தையும், நினைத்த நொடியில் பிடிக்கவேண்டிய குடும்பத்துக்குச் சட்டைப்பைக் கமராவே ஏற்றது, அதனையே வாங்கினோம். மகளுக்கு இது முழுச் சம்மதமன்று. அவள் பல்கலைக்கழகம் புகும்போது மற்றையதை வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறோம். வில்லைக்கான பணத்தை அவள் இப்போதே சேர்க்கத் தொடங்கிவிட்டாள்.

மிரர்லெஸ் வாங்க எண்ணும் அன்பர்களுக்கு நாம் கூறக்கூடியது இதுவே: கமராவின் விலையோடு இரண்டாவது வில்லையின் விலையையும் சேர்த்தே கணக்கிடுங்கள். அதை வாங்கவும் சுமக்கவும் மனமிருந்தால் தயங்கவேண்டாம். பெட்டியோடு வரும் வில்லையிலேயே நின்றுவிடுவீர்களாயின், சிறியதே இரவிலும் உங்களுக்கு மேலாக உழைக்கும். எதனை ஏந்திச் சென்றாலும், விகாரையில் புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்கவேண்டாம். நம் கோயில் மூலஸ்தானத்தை நோக்கிக் கமராவை உயர்த்தவும் வேண்டாம்.

இன்னுமொன்று. தொலைபேசியிலும் கணினியிலும் கிடக்கும் படங்கள் ஒருநாள் திறவாமற் போகலாம். கண்டிப் பயணத்துப் படங்களுள் நாற்பதைத் தெரிந்து, தாளில் இருபடியாக அச்சிட்டோம். ஒரு தொகுப்பு எம் வீட்டிலும், மற்றையது கொழும்பிலுள்ள தங்கை வீட்டிலும் இருக்கின்றன. இரண்டிலும் முதற்பக்கத்தில் இருப்பது அந்தப் புள்ளி விழுந்த படமே. அதற்கடுத்த பக்கத்தில் மகள் எடுத்ததை ஒட்டியிருக்கிறோம்.