டூபிங்கனில் ஒரு வாடகை வீடு

ஜேர்மனியின் தென்மேற்கில், ஸ்ருட்கார்ட் மாநகருக்குத் தெற்கே, நெக்கார் ஆற்றங்கரையில் அமைந்த சிறு நகரம் டூபிங்கன். புகையிரத நிலையத்தினின்றும் சிறிது தூரம் நடந்து ஆற்றுப் பாலத்தில் ஏறி நின்றால், கரையோரமாகத் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் பழைய வீடுகளையும், மஞ்சள் நிறக் கோபுரம் ஒன்றையும், நீள்கழி ஊன்றிச் செலுத்தப்படும் ஓடங்களையும் ஒருங்கே காணலாம். இரண்டாம் உலகப் போரின் குண்டுகளுக்குப் பெரும்பாலும் தப்பிய நகரம் இது. உலாச் செல்வோர் அரை நாளில் இவற்றைப் பார்த்து, நிழற்படம் எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவர். எமக்கோ 2022ஆம் ஆண்டு ஐப்பசி முதல் 2023 புரட்டாதி வரை, கற்கை விடுமுறையில், அங்கே ஒரு வாடகை வீட்டிற் குடியிருக்கும் வாய்ப்புக் கிட்டியது. ஓர் ஊரின் அழகை அறியப் பாலத்தில் நின்றாற் போதும். அவ்வூராரின் நேர்மையை அறிய வேண்டுமாயின் அங்கே வீடெடுத்து இருந்து, பின்னர் அதனைத் திருப்பிக் கொடுத்துப் பார்த்தல் வேண்டும்.

டூபிங்கன் நெடுங்காலமாகவே குடிக்கூலிக்கு இருப்போரின் ஊர். ‘தாடிக்கார எபர்ஹார்ட்’ என மக்கள் வழங்கும் வூர்ட்டெம்பேர்க் சிற்றரசர் 1477இல் இங்கே பல்கலைக்கழகத்தை நிறுவினார். அன்றுதொட்டு அறை தேடி வருவோர் ஓய்ந்ததில்லை. ஹேகல், ஷெல்லிங், ஹோல்டர்லீன் ஆகிய மூவரும் இங்குள்ள சமயக் கல்விக்கூடத்தில் ஒரே அறையில் வாழ்ந்த மாணவர்கள். முன்னிருவரும் மெய்யியலில் உலகப் புகழ் பெற்றனர். கவிஞராகிய ஹோல்டர்லீன் மனநிலை குன்றி, 1807 முதல் 1843இல் இறக்கும் வரை, அதே ஊரில் ஒரு தச்சரின் வீட்டில் ஒண்டுக் குடியாயிருந்தார். பாலத்திலிருந்து தெரியும் மஞ்சட் கோபுரமே அவர் இருந்த இடம். முப்பத்தாறு ஆண்டுகள் அவரைப் பராமரித்த பெருமை அத்தச்சர் குடும்பத்தைச் சாரும்.

இன்று ஏறத்தாழ தொண்ணூறாயிரம் மக்கள் வாழும் இவ்வூரிற் பல்கலைக்கழக மாணவரின் தொகை மட்டும் இருபத்தேழாயிரத்துக்கு மேற்படும். ஆகவே வீடு கிடைப்பது அரிது. கிடைத்தபின் முதலிற் செலுத்த வேண்டியது பிணைப்பணம். ‘கவுட்ஸியோன்’ என்பது அதன் ஜேர்மன் பெயர். அந்நாட்டின் குடியியற் சட்டக்கோவை இதற்கு எல்லை வகுத்திருக்கிறது. வெப்பமூட்டல், நீர், குப்பை அகற்றல் முதலிய செலவுகள் சேராத வெறும் வாடகையை அவர்கள் ‘குளிர் வாடகை’ என்பர். அதில் மூன்று மாதத் தொகைக்கு மேல் பிணை கேட்கக்கூடாது. அதனையும் மூன்று சம மாதத் தவணைகளிற் செலுத்தலாம். வீட்டுக்காரர் அப்பணத்தைத் தம் சொந்தப் பணத்தோடு கலவாமல், வட்டி தரும் தனிக் கணக்கில் வைத்தல் வேண்டும்; வட்டியும் குடியிருப்பவருக்கே உரியது. மாணவர் விடுதிகளுக்கு மட்டும் வட்டி கட்டாயமன்று.

எமது குளிர் வாடகை மாதம் 650 யூரோ. பிணைப்பணம் 1,950 யூரோ. எமது நாட்டின் பொருளாதாரம் நிலைகுலைந்திருந்த அவ்வாண்டில் அது ஏறக்குறைய ஏழு இலட்சம் ரூபாவுக்குச் சமம். ஓர் ஆசிரியனின் ஓராண்டு வேதனத்தைப் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டு நித்திரை கொள்வது எளிதன்று என்பதை வாசகர் அறிவர்.

வீட்டுக்கார அம்மையார் எழுபது வயதைக் கடந்த கைம்பெண், கண்டிப்பானவர். திறப்பைத் தருமுன் எம்மையும் எம் மனைவியையும் அறை அறையாக அழைத்துச் சென்றார். கையில் அச்சிட்ட படிவம் ஒன்று. யன்னல் விளிம்பில் ஒரு வெடிப்பு, தரைப்பலகையில் ஒரு கீறல், குளியலறை ஓட்டில் ஒரு துளை என ஒவ்வொன்றையும் தாமே சுட்டிக்காட்டி எழுதினார். சுவர்களுக்குப் புதிதாகத் தீந்தை பூசப்படவில்லை என்பதையும் குறித்தார். மின்மானி, நீர்மானி, வெப்பமானி ஆகியவற்றின் எண்களையும் திறப்புகளின் தொகையையும் எழுதியபின் இருவரும் ஒப்பமிட்டோம், ஆளுக்கொரு படி. ஒப்படைப்புப் பத்திரம் எனத்தக்க இதனைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. எனினும் வழக்கம் அதனைச் சட்டத்துக்கு நிகராக்கியிருக்கிறது. தம் வீட்டின் குறைகளைத் தாமே வாடகைக்காரருக்கு எழுதிக் கொடுக்கும் ஒருவரை நாம் அன்றுதான் முதன்முதலிற் கண்டோம்.

அவ்வீட்டில் வாழ்வதற்கும் ஒழுங்குகள் பல இருந்தன. ‘கேர்வோகே’, அதாவது கூட்டும் வாரம், என்பது அப்பகுதி மக்களின் தனி வழக்கம். நான்கு குடும்பங்கள் வாழும் கட்டடத்தில் வாரத்துக்கு ஒரு குடும்பம் படிக்கட்டையும் வாயிலையும் கூட்டித் துடைத்தல் வேண்டும். முறை வரும்போது ஓர் அட்டை கதவிலே தொங்கும். முன்னர்க் கூறிய தாடிக்கார எபர்ஹார்ட்டின் காலத்து, 1492ஆம் ஆண்டின் ஸ்ருட்கார்ட் நகரச் சட்டத்தில் இவ்வழக்கத்தின் வேரைக் காண்போரும் உளர். நாள்தோறும் முற்றம் கூட்டிய கைகளுக்கு இது பெருஞ்சுமையன்று.

யன்னல் விடயமே எமக்குப் புதுமையாயிருந்தது. மாரிகாலத்திலும் நாள்தோறும் சிலமுறை, ஒவ்வொரு முறையும் ஐந்து அல்லது பத்து நிமிடம், யன்னல்களை அகலத் திறந்து வைக்குமாறு அம்மையார் பணித்தார். வெளியிலே உறைபனி, உள்ளே காசு கொடுத்து வாங்கிய வெப்பம். அதனை ஏன் வெளியேற்றுவது என்று எமக்குத் தோன்றிற்று. காரணம் எளியது: சோறு வடிப்பதாலும், குளிப்பதாலும், உடுப்பு உலர்த்துவதாலும் எழும் நீராவி, வெளியேற வழியின்றிக் குளிர்ந்த சுவரிற் படிகிறது, ஈரமான சுவரிற் பூஞ்சணம் பிடிக்கிறது. பிணைப்பணத்தைப் பற்றி எழும் பிணக்குகளுள் பூஞ்சணத்தால் விளைவன பல. நாள்தோறும் கறியும் குழம்பும் கொதிக்கும் எம்மவர் சமையலறைக்கு இவ்விதி இரட்டிப்பாகப் பொருந்தும்.

வீட்டை விட்டு நீங்கும்போது எழும் கேள்வி ஒன்றே: எது சேதம், எது பயன்பாடு? ஒரு வீட்டில் மனிதர் வாழ்ந்தால் தரை தேயும், சுவர் மங்கும். இத்தகைய இயல்பான தேய்வுக்குக் குடியிருப்பவர் பொறுப்பல்லர் என்கிறது ஜேர்மன் சட்டம். ஏனெனில் அத்தேய்வுக்கு உரிய விலையே மாதந்தோறும் அவர் செலுத்தும் வாடகை. பிணைப்பணம் அதற்கு அப்பாற்பட்ட சேதத்துக்கும் நிலுவைக்கும் மட்டுமே ஈடு. கார்ல்ஸ்ரூவே நகரிலுள்ள கூட்டாட்சி உயர்நீதிமன்றம் இக்கோட்டைத் தீர்ப்புக்குத் தீர்ப்புத் தெளிவாக்கி வந்திருக்கிறது. சுவரில் வழக்கமான அளவில் துளையிடுதல் வீட்டைப் பயன்படுத்துவதன் பாற்படும் என்பது 1993ஆம் ஆண்டின் தீர்ப்பு. வெள்ளையாகப் பெற்ற சுவர்களைச் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகத் திருப்பிக் கொடுத்தவர் ஈடு செலுத்த வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டின் தீர்ப்பு. புதுப்பிக்கப்படாத வீட்டை ஈடு எதுவுமின்றிப் பெற்றவரைத் தீந்தை பூசுமாறு கட்டாயப்படுத்தும் அச்சிட்ட ஒப்பந்த வாசகம் செல்லாது என்பது 2015ஆம் ஆண்டின் தீர்ப்பு. இவற்றில் எதுவும் இந்நாட்டவர், அந்நியர் என வேறுபாடு காட்டவில்லை.

சட்டம் வேறுபாடு காட்டாவிடினும் காலமும் தூரமும் காட்டும். எமது கட்டடத்தின் மேல்மாடியில் வேற்று நாட்டு மாணவர் ஒருவர் இருந்தார். முன்னர்த் தாம் இருந்த அறைக்கு அவர் பத்திரம் எதுவும் எழுதிப் பெறவில்லை. வெளியேறியபின் அவ்வறைக்காரர், தீந்தைக்கும் கதவுக்கும் துப்புரவுக்குமாகக் கணக்கெழுதிப் பிணைப்பணம் முழுவதையும் கழித்துக்கொண்டார். கதவு முன்னரே பழுதுற்றிருந்தது என்று மாணவர் சொன்னார்; காட்டுவதற்கு ஒரு தாளேனும் அவரிடம் இல்லை. வழக்காடலாம், ஆனால் பரீட்சையும் விசாவும் நெருக்கும் போது யார் வழக்காடுவர்? இதற்கு அஞ்சிச் சில மாணவர் இறுதி மூன்று மாத வாடகையைச் செலுத்தாமல், பிணையிற் கழித்துக்கொள்ளுமாறு சொல்லிவிடுகின்றனர். அதற்குச் சட்டம் இடந்தரவில்லை; வாடகை நிலுவைக்கு வழக்கும் வரக்கூடும்.

எமது முறை வந்தது. வெளியேறுவதற்கு மூன்று மாத முன்னறிவித்தல் வேண்டும். புரட்டாதி முடிவில் நீங்குவதாயின் ஆடி மாதத்தின் மூன்றாம் வேலைநாளுக்குள் அறிவித்தல் அவர் கையிற் சேரவேண்டும். தாளில் எழுதிக் கையொப்பமிட்டதாகவும் இருத்தல் வேண்டும். மின்னஞ்சல் செல்லாது. இறுதி நாளில் வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டு அம்மையாரை எதிர்நோக்கி நின்றோம். ஒப்பந்தத்தில் இவ்வளவே கேட்கும் சொல் ஒன்றுண்டு. ‘தும்புத்தடி பட்ட சுத்தம்’ என அதனைத் தமிழாக்கலாம்.

அம்மையார் யன்னல் வெடிப்பைத் தடவிப் பார்த்தார். பழைய பத்திரத்தில் அது இருந்தது. படங்கள் தொங்கிய நான்கு துளைகளை எண்ணினார், ஒன்றும் சொல்லவில்லை. பின்னர் ஒப்பந்தத்தை விரித்து, சுவர்கள் அனைத்துக்கும் வெள்ளைத் தீந்தை பூசித் தரவேண்டும் என்றார். அதற்கு ஆளமர்த்தினால் எமது பிணைப்பணத்திற் பெரும்பங்கு போய்விடும். எம் மனைவி பத்திரத்தின் இரண்டாம் பக்கத்தை அவர்முன் வைத்தார். ‘புதிதாகப் பூசப்படவில்லை’ என்று அவரது கையெழுத்திலேயே இருந்தது. கீழ்வீட்டில் வாழும் இளைப்பாறிய ஆசிரியர், வாடகைக் குடியிருப்போர் சங்கத்தில் இதுபற்றி முன்னரே விசாரித்துச் சொல்லியிருந்த 2015ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் பணிவுடன் எடுத்துரைத்தோம். அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் அணிந்து தம் கையெழுத்தை வாசித்தார். “நான் எழுதியதுதான்” என்று சொல்லி ஒப்பமிட்டார். தாம் எழுதியது தமக்கே எதிராக நின்றபோதும் அதனை மறுக்காத அப்பண்பை நாம் மறக்கவில்லை.

ஆயினும் பணம் அன்றே கைக்கு வரவில்லை. வீட்டுக்காரர் கணக்குத் தீர்ப்பதற்கு நியாயமான அவகாசம் உண்டு. பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் என்பர். வெப்பச் செலவின் ஆண்டுக் கணக்கு வரும்வரை ஒரு பகுதியை மேலும் நிறுத்தி வைக்கலாம். அக்கணக்கைக் கணக்காண்டு முடிந்து பன்னிரண்டு மாதங்களுக்குள் தருதல் வேண்டும். ஊர் திரும்பியவருக்கு இது நீண்ட காத்திருப்பு. ஜேர்மன் வங்கிக் கணக்கை மூடிவிட்டால் பணம் வந்து சேரும் வழி சிக்கலாகும். முகவரி தெரியாவிடின் கணக்குக் கடிதமும் வராது. ஆகவே யாழ்ப்பாண முகவரியை ஒப்படைப்புப் பத்திரத்திலேயே எழுதுவித்து, இறுதிக் கணக்கு முடியும் வரை அங்குள்ள வங்கிக் கணக்கை மூடாது வைத்திருந்தோம். 2023 மார்கழியில் 1,500 யூரோ வந்தது. 2024 ஆவணியில் வெப்பக் கணக்கு வந்தது: குறைநிலுவை 138 யூரோ, எஞ்சிய 312 யூரோவும், சில யூரோ வட்டியும் கணக்கிற் சேர்ந்தன.

எம்மவர் பிள்ளைகள் பலர் இன்று அந்நாட்டுக்குக் கல்விக்காகச் செல்கின்றனர். அவர்களுக்கு நாம் சொல்வது: அறையில் பெட்டியை இறக்குமுன் சுவரையும் கதவையும் பாருங்கள், கண்டதை எழுதுங்கள், இருவரும் ஒப்பமிடுங்கள், நிழற்படம் எடுத்து வையுங்கள். வெளியேறும் நாளில் வாதாடுவதற்கு வேண்டிய மொழி அப்போதும் உங்களுக்கு முழுமையாக வந்திராது. அத்தாள் உங்களுக்காகப் பேசும்.

வெள்ளவத்தையில் வீடெடுப்போர் பெருந்தொகையை முற்பணமாகக் கொடுத்து, வாய்ச்சொல்லை நம்பிக் குடிபுகுதல் எமக்குப் பழகிய காட்சி. நல்லவர் இருவர் இருந்தால் வாய்ச்சொல் போதும் என்போம். அம்மையாரும் நல்லவரே, நாமும் அவருக்குத் தீங்கு நினைத்தோமல்லோம். ஆயினும் ஓராண்டுக்கு முன் சுவர் எவ்வாறிருந்தது என்பதை இருவரில் எவரும் நினைவிலிருந்து சொல்லியிருக்க முடியாது. நட்போடு பிரிந்தோம். இன்றும் அவரிடமிருந்து ஆண்டுக்கொரு வாழ்த்து மடல் வருகிறது.