வாவிக்கரையில் ஒரு வானூர்தி

மட்டக்களப்பு வாவியைப் பற்றி எழுதப் புகுவோர் பாடும் மீன்களைக் குறிப்பிடாது விடுவதில்லை. நானோ இன்று அவ்வாவியின் மேலாகப் பறந்து வந்த ஓர் ஊர்தியைப் பற்றிச் சொல்ல முற்படுகின்றேன்.

எங்கள் ஊர் ஆரையம்பதி. கிழக்கே கடல், மேற்கே வாவி, இடையே நீண்டு கிடக்கும் மணல் நிலம். கந்தசுவாமி கோயில் மணியோசையும் கடலின் இரைச்சலுமே எங்கள் காதுகளுக்குப் பழகியவை. அத்தகைய ஊரிற் பிறந்த என் மகனுக்கு ஆகாய விமானங்களின்மீது எவ்வாறு மோகம் பிறந்தது என்பது எனக்கு விளங்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பையன். கொப்பி நிறைய விமானப் படங்களை ஒட்டி வைத்திருக்கின்றான்.

அவன் மனத்தைக் கவர்ந்தது ‘ட்ரைடன்ற்’ என்னும் ஜெற் விமானம். அயல் நாடுகளுக்குச் சென்று வருவதற்கேற்ற அந்த விமானத்தை இங்கிலாந்திலே கட்டினார்கள். மூன்று எஞ்சின்களும் வாற்புறத்தில் அமைந்திருக்கும். உலகம் முழுவதற்குமாகக் கட்டப்பட்டவை 117 மட்டுமே. பயணிகளை ஏற்றிக்கொண்டு, தானியங்கி முறையில் முதன்முதலாகத் தரை தொட்ட பெருமையும் 1965இல் இதற்கே கிட்டியது. நமது ‘எயர் சிலோன்’ நிறுவனம் 1969இல் ஒன்றே ஒன்றை வாங்கியது. 1978இல் அந்நிறுவனத்தின் பறப்புகள் நின்றபோது அந்த விமானத்தின் பணியும் முடிந்தது.

“அப்பா, அப்பிடி ஒரு ஜெற் எங்கட மட்டக்களப்புக்கு வருமா?” என்று ஒருநாள் கேட்டான்.

“வராது மகன்” என்றேன். காரணத்தையும் விளக்கினேன். நமது விமான நிலையம் நகருக்கு அண்மையில், திமிலைதீவில் உள்ளது. வாவி சூழ்ந்த அச்சிறு நிலத்தில் ஓடுபாதை குறுகியது. ஐம்பது பேரை ஏற்றும் சிறிய ஜெற் விமானத்துக்குக்கூட அதனினும் நீண்ட பாதை வேண்டும். ஆயினும் இந்த நிலையத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1958ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இது திறக்கப்பட்டது. அக்காலத்தில் இரத்மலானையிலிருந்து ‘டக்கோட்டா’ விமானங்கள் இங்கே வந்து சென்றன. ஓர் இரவு முழுவதும் புகையிரதத்திற் குலுங்கிக் கொழும்பு சென்றவர்களுக்கு அது பெரு வியப்பாய் இருந்திருக்கும். பின்னர் போர் வந்தது. நிலையம் விமானப்படையின் கையிற் சென்றது. 2016இல் அது சிவில் விமானத்துறைக்குத் திரும்பி, 2018 மார்ச் 25ஆம் நாள் உள்நாட்டு விமான நிலையமாக மீண்டும் திறக்கப்பட்டது.

ஒரு சனிக்கிழமை, பகற்பொழுதில் கொழும்பிலிருந்து சிறிய விமானமொன்று வருமென நண்பர் ஒருவர் மூலம் அறிந்தோம். மகன் என் பழைய கமராவைத் துடைத்து எடுத்துக்கொண்டான். மோட்டார் சைக்கிளிற் புறப்பட்டுக் காத்தான்குடியையும் கல்லடிப் பாலத்தையும் கடந்து, நகரூடாகச் சென்று வாவிக்கரையை அடைந்தோம். விமான நிலையத்துள் அனுமதியின்றிப் படம் பிடித்தல் முறையன்று. ஆகவே தொலைவிலேயே, ஒரு மரநிழலிற் காத்திருந்தோம். தோணியிலிருந்து ஒருவர் வலை வீசிக்கொண்டிருந்தார். நீர்க்காகங்கள் கம்புகளில் அமர்ந்து சிறகு உலர்த்தின.

ஒரு மணி நேரம் கழிந்தபின் தென்மேற்கில் இரைச்சல் கேட்டது.

வாசகர்களிடம் ஒன்றை மறைத்தல் தகாது. அவ்வொலி எழுந்தவுடனே என் கால்கள் என்னைக் கேளாமலே மரத்தடிக்குப் பின்வாங்கின. 1990இல் எனக்குப் பத்து வயது. வானத்தில் இரைச்சல் எழுந்தால் என் அன்னையார் அடுப்படியிலிருந்து ஓடிவந்து, “மனே, உள்ளுக்கு வா!” என்று கத்துவார். பதுங்குகுழியில், அவர் சேலைத் தலைப்பினுள் முகம் புதைத்திருந்த நாட்கள் பல. வானத்தை அண்ணாந்து பார்க்கலாகாது என்பதே எங்கள் தலைமுறை பயின்ற முதற்பாடம்.

என் மகனோ நான் பின்வாங்கிய அதே கணத்தில் முன்னே ஓடினான்.

வந்தது ‘செஸ்னா கரவான்’. உடலின் மேற்புறத்தில் இறக்கை. மூக்கிலே ஒரேயொரு காற்றாடி. 1982இல் முதன்முதற் பறந்த இவ்வகை விமானம் குறுகிய ஓடுபாதையிலும் இறங்க வல்லது. “ஜெற் இல்லையே” என்று மகன் சற்றே முகம் சுளித்தான். “ஜெற்றின் உறவுதான்” என்றேன். இதனுள்ளும் காற்றை அழுத்தி, எரிபொருளை எரித்துச் சூடான வாயுவை உண்டாக்கும் பொறியே இருக்கிறது. ஜெற் அந்த வாயுவைப் பின்னோக்கிப் பாய்ச்சி முன்செல்லும். இதுவோ அதைக்கொண்டு காற்றாடியைச் சுழற்றுகிறது. என் விளக்கத்தை அவன் முழுதும் கேட்டானோ, அறியேன். விமானம் வாவியின் மேல் தாழ்ந்து, தன் நிழலை நீரில் இழுத்துக்கொண்டு சென்றது. வலை வீசியவர் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு மீண்டும் வலையை இழுக்கலானார்.

எடுத்த படங்கள் ஏழு. ஆறில் வெறும் வானம். ஏழாவதில் மட்டும் விமானம், பருந்தளவிற் சற்றே கலங்கித் தெரிந்தது.

வீடு திரும்பும் வழியில், அடுத்த வளவில் தமக்கையுடன் வாழும் என் அன்னையாரிடம் சென்றோம். எழுபதைத் தாண்டியவர். பேரன் கமராவை நீட்டினான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“இந்தப் பிளேன் இஞ்சாலயும் போனது மனே. சத்தம் கேட்டு நான் முத்தத்துக்கு வந்து பார்த்தனான்” என்றார்.

உள்ளே ஓடவில்லையா என்று கேட்க எண்ணினேன், கேட்கவில்லை. அவரோ பேரனிடம், “இன்னொருக்கா எப்ப வரும்?” என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

அரிய ஜெற் ஒன்றைத் தேடிச் சென்ற மகனுக்கு அன்று ஏமாற்றமே. எனக்கு அவ்வாறில்லை. அக்கலங்கிய படத்தை அச்சிட்டு அன்னையாரின் அறைச் சுவரில் மாட்டியிருக்கின்றோம்.