பாரசீகச் சாலையில் – 4: தெஹ்ரூனிலிருந்து ஷிராசுக்கு

தெஹ்ரானின் தெற்குப் பேருந்து முனையத்தில் பலகைகள் 'இஸ்ஃபஹான்' என்கின்றன. ஆள் கூப்பிடுகிறவர்களோ 'எஸ்ஃபஹூன்' என்கிறார்கள். ஏட்டில் 'நான்' என்று இருக்கும் ரொட்டி பேச்சில் 'நூன்'. வீடான 'கானெ' அப்படியே 'கூனெ' ஆகிறது. ஊர்க்காரர்கள் தங்கள் நகரத்தையே 'தெஹ்ரூன்' என்கிறார்கள். 'போகிறேன்' என்பதற்கு எழுத்தில் 'மீரவம்', வாயில் 'மீரம்'. இவற்றில் பல மற்ற ஊர்களிலும் உண்டு. ஆனாலும் நாடு முழுவதும் மதிப்பாகக் கருதப்படுவது தெஹ்ரான்காரரின் பேச்சுதான்.

இந்த மதிப்புக்கு வயது அதிகமில்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆகா முகம்மது கான் கஜார் தலைநகராக்கும்வரை, தெஹ்ரான் பழம்பெரும் ரே நகரத்தின் அருகே இருந்த சிற்றூர். வடக்கு மலைச்சரிவிலுள்ள ஷெமீரான் கிராமங்களில் மலைக்கு அப்பாலுள்ள மாசந்தரானி மொழியின் உறவுப் பேச்சே புழங்கியது. அரசும் அலுவலகங்களும் வந்தன. 1940இல் தெஹ்ரான் வானொலி, 1958இல் தொலைக்காட்சி, கூடவே சினிமா. தலைநகரின் பேச்சு வீடுவீடாக நுழைந்தது இவற்றின் வழியாகத்தான்.

இஸ்ஃபஹானில் இறங்கியதும் காதில் விழுவது 'ஸ்' ஒலி. 'நன்றாக இருக்கிறது' என்பதற்குத் தெஹ்ரானில் 'கூபெ', இங்கே 'கூபெஸ்'. ஒருகாலத்தில் மன்னர் ஷா அப்பாஸின் தலைநகராக இருந்த இந்த ஊரின் பேச்சு இன்று நாடகங்களில் சிரிப்பூட்டும் பாத்திரத்துக்கு ஒதுக்கப்படுவது எனக்கு உறுத்துகிறது. அர்ஹாம் சத்ர் போன்ற பெரிய நகைச்சுவை நடிகர் இந்த ஊர்ப் பேச்சால் புகழ்பெற்றார் என்பது உண்மை. ஆனால் நவீனப் பாரசீகச் சிறுகதையின் தந்தை ஜமால்சாதேயும் இந்த ஊரில் பிறந்தவர்தான். 1921இல் வந்த அவருடைய கதைத் தொகுப்பு தெருப்பேச்சை இலக்கியத்துக்குள் அழைத்து வந்தது. புத்தகத்தின் முடிவில் பேச்சுச் சொற்களுக்கு ஓர் அகராதியும் சேர்த்தார்.

ஷிராசில் பேச்சு நிதானமாக இழைகிறது. முன்பின் தெரியாதவரையும் 'காகோ' என்று சகோதரனாக்கிக் கூப்பிடுகிறார்கள். குறிப்பிட்ட ஒரு புத்தகத்தைச் சுட்ட, சொல்லின் கடைசியில் ஓர் உகரம் சேர்ந்து 'கெதாபு' ஆகிறது. இந்த ஊர்க் கவிஞர்கள் சாதியும் ஹாஃபிஸும் பாரசீகத்தோடு பழைய ஷிராசி மொழியிலும் சில வரிகள் எழுதியிருக்கிறார்கள். அந்த மொழி இன்று ஷிராசில் இல்லை. பொதுப் பாரசீகம் அதன் இடத்தைப் பிடித்துவிட்டது.

எல்லையைத் தாண்டினால் உறவு இன்னும் விரிகிறது. ஈரானில் பாலும் சிங்கமும் ஒரே ஒலியில் 'ஷீர்'. காபூலில் பேசும் பாரசீகமான தரியில் பால் மட்டும் 'ஷீர்', சிங்கம் 'ஷேர்'. ஷேர் ஷா என்ற பெயரில் நாம் கேட்பது அந்தப் பழைய ஒலிதான்.

ஏட்டுப் பாரசீகத்தின் பயனைக் காட்ட, பஹ்ராம் பெய்சாயீ இயக்கிய 'பாஷூ' படத்தை இங்கே சொல்லியாக வேண்டும். போரில் குடும்பத்தை இழந்த தெற்கத்திச் சிறுவன் பேசுவது அரபி; அடைக்கலம் தரும் வடக்கத்திப் பெண் பேசுவது கீலக்கி. அவன் பாடப்புத்தகத்தைத் திறந்து ஏட்டுப் பாரசீகத்தில் வாசிக்கும்போதுதான் ஊர்ப் பிள்ளைகளுக்கு அவன் பேச்சு புரிகிறது.

அடுத்த இதழில் யஸ்து நகரம். அங்குள்ள ஜொராஸ்திரியர்கள் வீட்டில் பேசும் மொழி தெஹ்ரான்காரருக்குப் புரியாது.