மலையில் தீபம், கத்தாரில் ஆட்டம்

திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டி இருப்பது ரமணாசிரமம் பகுதி. 1922இல் மறைந்த ரமணரின் தாயார் அழகம்மாளின் சமாதியைச் சுற்றியே அந்த ஆசிரமம் வளர்ந்தது என்பதை நம்மில் பலர் அறியமாட்டோம். அங்கே வசிக்கும் கல்லூரிக் கால நண்பர் ஒருவரைக் காண 2022 டிசம்பர் 6 அன்று சென்றிருந்தேன். அன்று கார்த்திகை தீபம் என்பதை எண்ணாமல் புறப்பட்டது என் பிழை. பேருந்துகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். நடந்தே போய்ச் சேர்ந்தேன்.

மாலை 6 மணிக்கு, 2,668 அடி உயர மலையின் உச்சியில் தீபம் ஏற்றப்பட்டது. ஆசிரம வாசலைத் தொட்டுச் செல்லும் கிரிவலப் பாதை மனித வெள்ளமாயிற்று. பள்ளிவாசலுக்குப் போக வழியில்லை. நண்பரின் தாயார் மாடியறையைப் பெருக்கிப் பாய் விரித்து, "மேற்கு இந்த ஜன்னல் பக்கம் தம்பி" என்றார். இஷா தொழுதேன்.

இரவு 8.30க்கு உலகக் கோப்பையில் மொராக்கோவும் ஸ்பெயினும் மோதின. கத்தாரில் மின்பணியாளனாக இருக்கும் என் மகன், "வாப்பா, இன்றைக்கு விழித்திருங்கள்" என்று காலையிலேயே சொல்லியிருந்தான். அவன் ஊர் வந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. பக்கத்து வீட்டில் வாடகைக்குத் தங்கியிருந்த ஸ்பானியர் ஒருவரும் எங்களோடு அமர்ந்தார்.

120 நிமிடங்கள் ஆடியும் கோல் இல்லை. பெனால்டியில் ஸ்பெயினின் முதல் உதை கம்பத்தில் பட்டது. அடுத்த இரண்டையும் யாசின் பூனு தடுத்துவிட்டார். கடைசியாக வந்தவர் அஷ்ரஃப் ஹக்கீமி. பந்தை ஓங்கி அடிக்காமல், பூப்போல நடுவில் தூக்கிப் போட்டார். வென்றவர்கள் புல்தரையில் ஸஜ்தாவில் விழுந்தார்கள்.

"அவன் எங்கள் மாட்ரிட்டில் பிறந்த பிள்ளை" என்றார் ஸ்பானியர், வருத்தமும் பெருமையும் கலந்து. உண்மைதான். பிழைப்புக்காக ஸ்பெயின் சென்ற ஹக்கீமியின் தாயார் பிறர் வீடுகளைத் துப்புரவு செய்தவர். தந்தை தெருவில் பொருள் விற்றவர். அந்த அணியின் 26 பேரில் 14 பேர் மொராக்கோவுக்கு வெளியே பிறந்தவர்கள். ஆயினும் பெற்றோரின் நாட்டுக்கே ஆடினார்கள். 10ஆம் தேதி போர்ச்சுகலை வென்று, அரையிறுதி கண்ட முதல் ஆப்பிரிக்க நாடு, முதல் அரபு நாடு என்ற பெயரை மொராக்கோ பெற்றபோது, சுஃப்யான் பூஃபால் தம் தாயாரோடு மைதானத்திலேயே ஆடிக் களித்தார். பின்னர் பிரான்சிடம் தோற்று, நான்காம் இடத்தோடு அவர்கள் ஊர் திரும்பினார்கள்.

அன்றிரவு மகன் தொலைபேசியில் அழைத்தான். பின்னணியில் ஒரே ஆரவாரம். "உம்மா விழித்திருக்கிறார்களா?" என்றான். நான் ஊரில் இல்லை என்று சொல்வதற்குள் நண்பரின் தாயார் கைப்பேசியை வாங்கிக்கொண்டார்.

"சாப்பிட்டியா கண்ணு? எப்ப ஊருக்கு வர்றே?"

அவன் சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை. கீழே மக்கள் இன்னமும் நடந்துகொண்டிருந்தார்கள்.