கை கடித்த மாதங்கள்

கண்ணாடி மாற்ற வேண்டும் என்று அம்மா சொன்னது தை மாதம். பவர் கூடியிருந்தது. ஒரு பக்கம் ஃபிரேம் உடைந்து, அதில் கறுப்பு நூல் சுற்றி வைத்திருந்தாள். "இந்த மாசம் கை கடிக்குதும்மா, அடுத்த மாசம் பார்க்கலாம்" என்றேன். மாசியிலும் அதையேதான் சொன்னேன். அதோடு நிற்கவில்லை. செலவைக் குறைக்கிறேன் என்று அவள் படித்துக்கொண்டிருந்த நாளிதழையும் நிறுத்தினேன். பழைய கண்ணாடியில் எப்படியும் படிக்க முடியவில்லையே, மாதம் 240 ரூபாய் எதற்கு என்று தோன்றியது. அப்போது அது எனக்கு நியாயமாகப் பட்டது.

பங்குனியில் ஒரு நாள், கணக்கில் போதிய பணமில்லாததால் ஏதோ ஒரு சந்தா போகவில்லை என்று செய்தி வந்தது. எந்தச் சந்தா என்று புரியாமல் யுபிஐ செயலியில் ஆட்டோபே பக்கத்தைத் திறந்தேன். ஆறு சந்தாக்கள் உயிரோடு இருந்தன. படம் பார்க்க இரண்டு: 649, 299. பாட்டுக்கு 119. போனில் போட்டோ சேமிக்க 130. உடற்பயிற்சிக்கு 399. மகளின் ஆங்கிலத்துக்கு 499. மொத்தம் 2,095 ரூபாய்.

உடற்பயிற்சிச் செயலியைப் போன வருடம் மூன்று வாரம்தான் பயன்படுத்தினேன். போனிலிருந்து அதை அழித்ததோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட்டேன். செயலியை அழித்தால் வங்கிக்குக் கொடுத்த அனுமதி ரத்தாகாது. அதன் பிறகும் 13 மாதம், 5,187 ரூபாய் போயிருக்கிறது. ஆங்கிலச் செயலி முதல் 7 நாள் இலவசம் என்றது. எட்டாம் நாள் பணம் எடுக்கத் தொடங்கியது. மகள் அதைத் தொட்டே மாதக்கணக்காகிறது.

சுலபமாகச் சேரவிட்டு, வெளியேற விடாமல் இழுத்தடிப்பதை 'சந்தாப் பொறி' என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடை செய்தது. அதைக் காட்டி நான் தப்பிக்க முடியாது. 15,000 ரூபாய் வரையிலான சந்தாவுக்கு மாதாமாதம் ஓடிபி கேட்க மாட்டார்கள். ஆனால் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் சொல்லியாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எனக்கும் சொன்னார்கள், ஒவ்வொரு மாதமும். படிக்காமலே தள்ளிவிட்டேன். எல்லாம் சின்னத் தொகைதானே என்ற அலட்சியம்.

அம்மா அப்படியில்லை. பால் வராத நாளில் சமையலறைக் காலண்டரில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போடுவாள். மாதக் கடைசியில் அதை எண்ணி, அரை லிட்டர் கணக்கில் கழித்துத்தான் பால்காரருக்குப் பணம் தருவாள். அந்த இரண்டு மாதமும் காலண்டரில் மூக்கு இடிக்கக் குனிந்து அவள் எண்ணியதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

அன்றிரவே நான்கு சந்தாக்களை ரத்து செய்தேன். மறுநாள் அம்மாவைக் கடைக்குக் கூட்டிப்போனேன். ஃபிரேமும் லென்ஸும் சேர்த்து 2,800 ரூபாய். பேப்பர் போடும் பையனிடமும் மறுபடி போடச் சொல்லிவிட்டேன்.

திரும்பி வரும்போது ஆட்டோவில், "இந்த மாசம் கை கடிக்கலையாப்பா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றேன். உண்மையை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.