ஒவ்வொரு குரலும் தனித்தனியாக

மிக்ஸர் வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் குமிழ்களைத்தான் பார்க்கிறார்கள். என் தம்பி மகளும் கைபேசியில் படத்தைக் காட்டியபோது குமிழ்களைத்தான் காட்டினாள். பத்து சேனல். வரிசை வரிசையாகச் சிவப்பு, வெள்ளை, நீலம். "பெரியப்பா, பாட்காஸ்ட் பண்ண இது போதுமா, இன்னும் பெரிசா வாங்கணுமா?" என்றாள். பேசப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். "நானும் தாத்தாவும்தான்."

தாத்தா என்றால் அவள் அம்மாவைப் பெற்றவர். பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் இருக்கம் தீவில் பிறந்தவர். எங்கள் தடா மண்டலத்தைச் சேர்ந்த தீவுதான். படகில்தான் போக வேண்டும். ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பார். மீன் பெயர், வலைப் பெயர், காற்றின் பெயர் எல்லாம் அவர் வாயில் தமிழ். விலையும் வழக்கும் வந்தால் தெலுங்கு. அந்தப் பேச்சைப் பதிந்து வைக்க வேண்டும் என்று இந்தப் பெண்ணுக்குத் தோன்றியதே பெரிய விஷயம்.

அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு அம்மன் கோயில் மைக் செட்தான் ஞாபகம் வந்தது. ஆடியில் கூழ் ஊற்றும் நாளில் வேப்பமரத்தடியில் ஒரு மேசையைப் போட்டு, மைக் செட்காரர் அஹுஜா ஆம்ப்ளிஃபையரை வைப்பார். முகப்பில் மைக் ஒன்று, மைக் இரண்டு, பாட்டுக்கு ஒரு குமிழ், பாஸ், டிரெபிள். அவ்வளவுதான். ஆனால் அந்த மனிதரின் கை அதில் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. பூசாரி உடுக்கையை எடுத்தால் இரண்டாவது மைக்கைக் குறைப்பார். நாட்டாண்மை அறிவிப்புக்கு வந்தால் பாட்டைப் பாதியாக இறக்கிக் குரலை ஏற்றுவார். அவர் முடித்த நொடியில் பாட்டு பழையபடி எழும்பும். யாராவது மைக்கைத் தூக்கிக்கொண்டு குழாய் ஸ்பீக்கருக்கு எதிரே நடந்தால் 'கீ' என்று கத்தல் கிளம்பும்; அது முழுதாகக் கிளம்புவதற்குள் அவர் விரல் குமிழில் இருக்கும். மிக்ஸிங் என்பது அதுதான். பல இடத்திலிருந்து வரும் ஒலிகளை, எது எப்போது முன்னே நிற்க வேண்டும் என்று முடிவு செய்து, ஒன்றாக அனுப்புவது.

ஆனால் அவர் முடிவு செய்தது அந்த நொடிக்கு மட்டும். கோயில் திடலில் கேட்டவர்கள் கேட்டார்கள், காற்றோடு போயிற்று. பதிவு செய்கிறவனுக்கு அப்படி இல்லை. அவன் முடிவு நிலைத்துவிடுகிறது. இந்த வித்தியாசத்தைக் கடைக்காரர்கள் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

நம் பக்கத்தில் ஒலியை வீட்டு அளவில் கையாண்ட கதை பழையது. 1924-இல் சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று மதராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். அரசாங்கம் வானொலி நடத்துவதற்கு வெகு முன்பே, ஆர்வலர்கள் சிலர் கூடிச் சிறிய டிரான்ஸ்மிட்டரை வைத்துப் பாட்டும் பேச்சும் ஒலிபரப்பினார்கள். பணமில்லாமல் 1927-இல் அது நின்றது. டிரான்ஸ்மிட்டர் மாநகராட்சிக்குப் போய், 1930-இல் மறுபடி ஒலித்தது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது 1938-இல். இன்று அறைக்குள் மைக் வைத்துக்கொண்டு உட்காரும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு அந்த கிளப்காரர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

வானொலி என்றால் எங்கள் கரையில் இலங்கை வானொலியும் சேர்த்திதான். பி. எச். அப்துல் ஹமீத் பேசினால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கும். கரகரப்பும் இரைச்சலும் அலையில் வந்தவை. குரலில் ஒரு சொல்கூட மழுங்காது. மைக்குக்கு நெருக்கமாக, நிதானமாக, ஒரே தூரத்தில் நின்று பேசுகிற பயிற்சி அது. எவ்வளவு விலைக்கு மிக்ஸர் வாங்கினாலும் இந்தப் பழக்கத்தை அது தராது. வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல், ஐந்து விரல் இடைவெளி. அதைக் கடைசிவரை மாற்றாமல் இருப்பது. தாத்தாவுக்கு அதைச் சொல்லிப் பயனில்லை. அவர் பேசும்போது கை வலை வீசும், தலை திரும்பும்.

அவரை உட்கார வைத்து ஒலி பார்த்த மாலை நன்றாக நினைவிருக்கிறது. ஏரியில் 'பாடு' முறையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்: மீன்பிடிக்கும் இடங்களைச் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பிரித்துக்கொள்வது, யாருக்கு எந்த நாள் எந்த இடம் என்று ஊரே கட்டுப்படுவது. மெதுவான குரல். மைக் ஒலியைப் பெருக்கும் கெயின் குமிழை அந்தக் குரலுக்குத் தகுந்தபடி ஏற்றி வைத்தாள் என் தம்பி மகள். நடுவில் அவர், எதிர்ப்படகை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று காட்டினார். கையை வாயருகே குவித்து ஒரு கூவல். தண்ணீர்மேல் அரை மைல் போக வேண்டிய குரல் அது. சேனலின் சிவப்பு விளக்கு எரிந்து, ஒலி உடைந்தது. உடைந்த ஒலியை எந்தக் கணினியும் முழுதாகத் திருப்பித் தராது.

அதனால்தான் கெயினை மெல்லிய குரலுக்கு வைக்கக் கூடாது, ஆளின் உச்சக் குரலுக்கு வைக்க வேண்டும். முதலில் அவரைக் கூவச் சொல்லுங்கள். அப்போது மானியில் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கட்டும். 24 பிட்டில் பதிந்தால் மெல்லிய பகுதியைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம், இரைச்சல் அவ்வளவாகக் கூட வராது. ஆனால் அதற்கு மைக்கின் பலவீனமான மின்னொலியை முதலில் வாங்கிப் பெருக்கும் ப்ரீஆம்ப் சுத்தமாக இருக்க வேண்டும். குறைந்த விலைப் பெட்டிகள் பலவற்றில் குமிழை முக்கால்வாசிக்கு மேல் திருப்பினால் 'ஸ்ஸ்' என்று காற்று ஓடும். டைனமிக் மைக்குகள் கெயின் நிறையக் கேட்பவை. சில மைக்குகளுக்கு 60 டெசிபல்கூடத் தேவைப்படும். கடையில் பெட்டியைப் பார்க்கும்போது எஃபெக்ட் எத்தனை, எக்கோ உண்டா என்று பார்க்காதீர்கள். ஹெட்ஃபோனை மாட்டி, மைக்கைச் செருகி, யாரும் பேசாமல் கெயினை ஏற்றிக் கேளுங்கள்.

கண்டென்சர் மைக் வாங்கலாமே என்று அவள் கேட்டாள். அது 48 வோல்ட் ஃபேன்டம் பவரில் ஓடுவது, நுணுக்கமாகக் கேட்பது. எங்கள் ஊருக்கு அந்த நுணுக்கம் ஆகாது. தேசிய நெடுஞ்சாலை 16 லாரிகள், சூலூர்பேட்டை லோக்கல் ரயில், காகம், பக்கத்து வீட்டுக் குக்கர், எல்லாம் பேசுகிறவருக்குச் சமமாக வந்து உட்காரும். டைனமிக் மைக் எதிரே இருப்பதை மட்டும் பெரும்பாலும் எடுக்கும். அடிநாதமாக ஓடும் லாரி உறுமலுக்கு மிக்ஸரில் ஹை பாஸ் பொத்தான் இருக்கும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அது வெட்டிவிடும், பேச்சுக்கு ஒன்றும் குறையாது.

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால் மட்டும் எந்தப் பொத்தானும் உதவாது. அதை நாங்கள் முதலில் மொட்டைமாடியில் நின்று பார்ப்போம், பிறகுதான் கேட்போம். ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகிறது. ஏவுதளத்திலிருந்து தடாவுக்கு வர ஒரு நிமிடத்துக்கு மேலாகிறது. நெருப்பு மேகத்துக்குள் மறைந்த பிறகு அந்த உறுமல் வரும். காற்று சாதகமாக இருந்தால் ஜன்னல் கம்பி அதிரும். அதைப் பதிவிலிருந்து வெட்ட வேண்டாம் என்றே சொல்வேன். இந்த ஊரில் பதிந்த குரல் என்பதற்கு வேறென்ன அடையாளம் வேண்டும்?

லோக்கல் ரயில் என்றதும் இன்னொன்று. கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம், அடுத்து தடா. ஆரம்பாக்கத்துக்கும் எங்களுக்கும் நடுவில் மாநில எல்லை. எங்கள் ஊர் 2022 ஏப்ரல் வரை நெல்லூர் மாவட்டம், இப்போது திருப்பதி மாவட்டம். பக்கத்துச் சத்தியவேடு வட்டாரம் 1960 எல்லை மாற்றத்தில் செங்கல்பட்டிலிருந்து ஆந்திரத்துக்கு வந்தது. ஒலிக்கு மட்டும் அந்த எல்லை வெகுகாலம் இருந்ததில்லை. தெலுங்குப் படப் பாட்டுகள் பெரும்பாலும் சென்னையில்தான் பதிவாயின. நெல்லூர்க்காரரான எஸ். பி. பாலசுப்ரமணியம் 1966-இல் தம் முதல் தெலுங்குப் பாட்டைப் பாடியது சென்னை ஒலிப்பதிவுக் கூடத்தில். அந்தக் காலத்தில் வாத்தியக்காரர்கள் அத்தனை பேரும் பாடகரும் ஒரே நேரத்தில் வாசித்துப் பாடி ஒரே டிராக்கில் பதிவு. ஒரு வயலின் பிசகினால் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து.

அதை மாற்றியது மல்டிடிராக். ஒவ்வொரு ஒலியும் தனி வரி. பதிந்த பிறகு கலந்துகொள்ளலாம். 1979-இல் டாஸ்காம் கம்பெனி சாதாரண கேசட்டில் நாலு டிராக் பதியும் போர்ட்டாஸ்டுடியோவைக் கொண்டுவந்ததும் அது வீட்டுக்குள் வந்தது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982-இல் வெளியிட்ட 'நெப்ராஸ்கா' ஆல்பம் அந்தப் பெட்டியில், அவர் வீட்டு அறையில் பதிந்தது. நம் ஊரில் ஏ. ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தம் வீட்டையொட்டி அமைத்த பஞ்சதன் ரெக்கார்ட் இன்னில் 1992-இன் 'ரோஜா' உருவானது. பெரிய கூடத்தின் வாடகையும் நேரக் கணக்கும் இல்லாமல், இரவெல்லாம் உட்கார்ந்து ஒரு ஒலியை மாற்றி மாற்றிப் பார்க்கும் வசதி வீட்டில்தான் கிடைத்தது. அவரோடு பல ஆண்டுகள் வேலை செய்த ஒலிப்பொறியாளர் எச். ஸ்ரீதர் 2008-இல் மறைந்தபோது, திரையில் பெயர் மட்டும் ஓடும் ஒரு தொழிலுக்கு எவ்வளவு பேர் கலங்கினார்கள்.

தம்பி மகள் காட்டிய படத்துக்கு வருகிறேன். யு.எஸ்.பி. இருக்கிறது என்று எழுதியிருக்கும் அனலாக் மிக்ஸர்களில் பெரும்பாலானவை, யமஹா எம்.ஜி.10.எக்ஸ்.யு. போல நல்ல பெட்டிகூட, கணினிக்கு அனுப்புவது இடம், வலம் என்ற இரண்டு வரிகளைத்தான். நாலு மைக்கைச் செருகலாம். நாலும் கலந்துதான் போகும். பதிவில் தாத்தா இருமும்போது இவள் கேள்வி கேட்டிருந்தால், இருமலும் கேள்வியும் குழம்பில் கரைந்த உப்பு மாதிரி, பிரிக்க முடியாது. ஆள் இரண்டே பேர் என்றால் ஒரு வழி உண்டு: ஒருவர் மைக்கின் பேன் குமிழை முழுதாக இடப்பக்கமும், மற்றவர் குமிழை முழுதாக வலப்பக்கமும் திருப்பிவிட்டால் இரண்டு குரலும் தனித்தனி வரியில் விழும். பிறகு கணினியில் இரண்டையும் நடுவுக்குக் கொண்டுவரலாம். இது தெரிந்தவர்கள் கையில் அந்த மிக்ஸர் நன்றாகவே உழைக்கும்.

அதைவிட எளிது இரண்டு மைக் வாயுள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ். ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 போன்றது. குமிழ் குறைவு, ஆனால் வரி தனித்தனி. வீட்டில் உட்கார்ந்து கணினியில் பதிகிறவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

தாத்தாவை வீட்டுக்கு வரவழைப்பதைவிட அவர் தீவுக்கே போவது நல்லது என்று அவள் சொன்னாள். எனக்கும் அதுவே சரி என்று பட்டது. அப்போது கணக்கு மாறுகிறது. படகில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. போய்ச் சேர்ந்த பிறகு கரண்ட் இருக்கும் என்று நம்பி உட்காரவும் முடியாது. ஜூம் பாட்டிராக் பி4 மாதிரிப் பெட்டி இதற்கென்றே செய்தது: நாலு மைக், நாலு ஹெட்ஃபோன், இரண்டு பென்சில் பேட்டரி, எஸ்.டி. கார்டில் தனித்தனி டிராக். அதில் பதிவு 16 பிட்தான், ஆகவே கெயின் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். குவைத்தில் இருக்கும் மாமாவைக் கைபேசியில் இணைத்துப் பேச வைக்கலாம். அவருக்கு மற்றவர் குரல்களை அனுப்பி அவர் குரலை மட்டும் திருப்பி அனுப்பாமல் விடும் மிக்ஸ் மைனஸ் வசதி அதிலேயே இருக்கிறது. இது இல்லாத பெட்டியில் தொலைபேசியை இணைத்தால் அவர் தம் குரலையே எதிரொலியாகக் கேட்டுத் தடுமாறுவார். பேட்டரியில் ஓடுவதால் எர்த் சரியில்லாத வீடுகளில் வரும் 50 ஹெர்ட்ஸ் 'ம்ம்ம்' இரைச்சலும் பெரும்பாலும் இல்லை.

அவள் பி4 பக்கம்தான் வந்தாள். குமிழ்கள் குறைவாக இருக்கிறதே என்று முதலில் முகம் சுருங்கியது. தாத்தா குரலை மட்டும் தனியாக ஹெட்ஃபோனில் கேட்டதும் அது போயிற்று.

சென்னை ரிச்சி தெருவிலோ மவுண்ட் ரோட்டிலோ கடை ஏறுகிறவர்கள், எத்தனை சேனல் என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: "ஒவ்வொரு மைக்கும் தனித்தனி டிராக்காகப் பதிவாகுமா?" ஆகாது என்றால் அடுத்த பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். வாங்கிய பிறகு முதல் பதிவை வீட்டிலுள்ள மூத்தவரிடமிருந்து தொடங்குங்கள்.