கூரத்து வேலியில் ஒரு செர்ரி

காஞ்சிபுரம் போகிறவர்களில் பலர் பட்டுக் கடைக்கு நாலு மணி நேரமும் வரதராஜருக்குக் கால் மணி நேரமும் ஒதுக்கிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அடுத்த முறை நீங்கள் போகும்போது, அருகிலிருக்கும் கூரத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். ஸ்ரீராமானுஜரின் சீடர் கூரத்தாழ்வான் அவதரித்த ஊர் அது. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் எழுப்பிய சிவன் கோயிலும் அங்கே உண்டு. அதன் மண்டபத்தில் பாரதம் வாசிக்க ஏற்பாடு செய்ததை அந்தப் பல்லவனின் செப்பேடு சொல்கிறது.

கோயில்களைப் பார்த்தாயிற்றா? இனி வழியோரப் புதர்களையும் கொஞ்சம் பாருங்கள். இந்தச் சீமையின் மேட்டு நிலங்களில் வளரும் களாச் செடியைத்தான் சொல்கிறேன். பங்குனி வாக்கில் மல்லிகை போல வெண்மையாகப் பூக்கும், வாசனையும் உண்டு. ஆசைப்பட்டுக் கையை நீட்டினீர்களோ, கவடு கவடாக நிற்கும் முட்கள் பதில் சொல்லும்! ஆடு மாடு நுழையாமலிருக்க இதைவிட நல்ல வேலி ஏது? தண்ணீர் ஊற்ற வேண்டாம், உரம் போட வேண்டாம்.

களா சாமானியப் புதர் என்று நினைத்துவிடாதீர்கள். களங்காய்க் கண்ணி நார்முடிச் சேரல் என்று ஒரு சேர மன்னன் இருந்தான். முடிசூடும் வேளையில் பொன்முடியும் மாலையும் கைக்கு வராமல், நாரால் முடியும் களங்காயால் கண்ணியும் செய்து அணிந்தானாம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளோ, நாச்சியார் திருமொழியில் களங்கனிகளைக் கூப்பிட்டு, திருமாலின் நிறம் உங்களுக்கு எதற்கு என்று சண்டையே பிடிக்கிறாள். கூரத்தாழ்வானின் தர்மபத்தினி பெயரும் ஆண்டாள்தான். செல்வத்தையெல்லாம் துறந்து ஸ்ரீரங்கத்துக்குப் புறப்பட்டபோது, கணவர் உண்ணும் பொன்வட்டிலை மட்டும் அந்த அம்மாள் மடியில் மறைத்து எடுத்து வந்தாள். அதையும் அவர் காட்டில் வீசி எறிந்துவிட்டார். நம் வீட்டுச் சமாசாரம் போலவே இருக்கிறதல்லவா?

சமையலறைக்கு வருவோம். வைகாசி, ஆனியில் பச்சைக் காயாக வாங்குங்கள். நறுக்கினால் பால் வடிந்து ஒட்டும். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்வது நல்லது. இரண்டாகப் பிளந்து, விதையை எடுத்து, உப்பில் ஊறவைத்து, மிளகாய்ப்பொடி, கடுகு, பெருங்காயம் சேர்த்து எண்ணெய் ஊற்றினால் ஊறுகாய். புளிப்பு காயிலேயே இருப்பதால் எலுமிச்சம்பழம் வேண்டியதில்லை. பழுத்துக் கறுத்த பழத்தில் ஜெல்லி நன்றாக உறையும்.

“களாவா? நாங்கள் கண்டதேயில்லை” என்கிறீர்களா? பிறந்தநாள் கேக்கின் உச்சியில் சிவப்பாக உட்கார்ந்திருக்குமே ஒரு ‘செர்ரி’, அது பெரும்பாலும் களாக்காய்தான்! விதை நீக்கி, சர்க்கரைப் பாகில் ஊறவைத்து, சாயம் ஏற்றியது. வேலியில் சும்மா கிடைத்தபோது ‘முள்செடி’ என்று வெட்டினோம். டப்பியில் வந்ததும் காசு கொடுக்கிறோம்.

எனக்கு வருத்தம் அந்த வெட்டுதலில்தான். வயலும் மேடும் மனைகளாகின்றன. உயிர்வேலி போய்க் கம்பிவேலி வருகிறது. கம்பிவேலியும் குத்தத்தான் செய்கிறது. ஆனால் காய்ப்பதில்லை. முள்ளுக்கு அஞ்சாத ஏழைப் பெண்ணுக்கு, சொந்த நிலமில்லாமலே ஒரு கூடைக் காய் கிடைத்த காலமும் அதோடு போகிறது.

கொல்லையில் நாலடி இடம் இருந்தால் நீங்களே வைக்கலாம். பழத்திலிருந்து எடுத்த விதையை உடனே ஊன்றிவிடுங்கள், நாளானால் முளைக்காது. காய்க்க மூன்று வருஷமாவது ஆகும். குழந்தைகள் ஓடியாடும் பக்கம் மட்டும் வேண்டாம்.